ஒன்றாம் நம்பர் சட்டை

ஒன்றாம் நம்பரை நேற்றே வெட்டி வைத்துவிட்டேன். இன்னும் சட்டையில் ஏற்றவில்லை. மற்ற பதினேழும் தைத்து மடித்து மேசையில் இருக்கின்றன, இரண்டிலிருந்து பதினெட்டு வரை, நடுவில் பதிமூன்று கிடையாது, பதிமூன்றைப் போட்ட எவனும் எங்கள் கிளப்பில் சீசன் முடிய விளையாடியதில்லை என்று ஒரு பேச்சு, அதற்குப் பதிலாகப் பத்தொன்பது. ஒன்றாம் நம்பர் கோல்கீப்பருக்கு. பதினோரு வருஷமாக அந்தச் சட்டையை ஒரே உடம்புக்குத்தான் தைத்திருக்கிறேன். மார்பு நாற்பது, தோள் பதினெட்டு, உயரம் இருபத்தொன்பது, இடது கையை மட்டும் அரை இஞ்சு கூட விட வேண்டும், பாய்ந்து பாய்ந்து அந்தக் கை நீண்டுவிட்டதோ என்னவோ. வெயிலுமுத்து. அவன் இந்த வருஷம் கோவில்பட்டியில் எங்கள் கிழக்குத்தெரு லெவனுக்கு நிற்பானா, தூத்துக்குடிக் கம்பெனி டீமுக்குப் போவானா என்பது இன்றைக்கு மத்தியானத்துக்குள் தெரிந்துவிடும். ஒரு மணிக்குள் பதினெட்டுப் பேர் லிஸ்ட்டை ஹாக்கி சங்கத்தில் கொடுத்தாக வேண்டும். யார் பேர் எந்த லிஸ்ட்டில் ஏறுகிறதோ அவன் வருஷம் முழுக்க அங்கேதான். அதனால்தான் பத்து மணியிலிருந்து என் கடை வாசல் பெஞ்சில் இரண்டு பேர் உட்கார்ந்து மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். மோட்டாரை மிதித்தால் அவர்கள் பேச்சு பாதி பாதியாகக் கேட்கிறது, காலை எடுத்தால் முழுசாகக் கேட்கிறது, நான் காலை எடுக்காமல் இருக்கவே பார்க்கிறேன், ஆனால் தைக்க இனி ஒன்றுமில்லை, ஒன்றாம் நம்பரைத் தவிர.

சுடலைமணி அண்ணாச்சிக்கு அறுபத்தெட்டு வயது, மில்லில் இருந்தவர், ஒரு காலத்தில் இதே கிளப்புக்குக் கோல்கீப்பர். ஆல்பர்ட் சார் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், ஒவ்வொரு மேட்சுக்கும் டைரியோடு வந்து உட்காருகிறவர், நம்மவன் கோல் போட்டால்கூட எழுந்து நிற்கமாட்டார், நிமிஷத்தைக் குறித்துக்கொள்வார். செகரட்டரி முடிவு செய்தது இதுதான்: வெயிலுமுத்து அங்கே, அங்கே ஆட வாய்ப்பில்லாமல் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிற இரண்டு பையன்கள் இங்கே. ஒருவன் பத்தொன்பது வயதுக் கோல்கீப்பர், இன்னொருவன் பெனால்டி கார்னர் அடிக்கிறவன். "நாலு வருஷமா மொத ரவுண்டுலயே வெளிய வாரோம் அண்ணாச்சி. டீமை அடியிலேருந்து கட்டணும். அந்தக் கீப்பர் பய மூணு வருஷத்துல எங்க நிப்பான்னு பாருங்க" என்கிறார் ஆல்பர்ட் சார். "மூணு வருஷத்துக்கு முந்தியும் நீரு இதத்தான்வே சொன்னீரு" என்கிறார் அண்ணாச்சி. "சென்டர் ஹாஃபைக் குடுத்துட்டு மூணு பயலுவள வாங்கினோம்லா. ஒருத்தன் போலீசுக்குப் போய்ட்டான். ஒருத்தன் துபாய்ல இருக்கான். மூணாமத்தவன் போன வருஷம் நமக்கே கோல் போட்டான்." ஆல்பர்ட் சார் டைரியைப் புரட்டுகிறார். எனக்குச் சிரிப்பு வந்தது, வாயில் குண்டூசி இருந்ததால் அடக்கிக்கொண்டேன். அண்ணாச்சி சட்டைப்பையில் ஒரு தாள் வைத்திருக்கிறார், வெயிலுமுத்துவை விடக்கூடாது என்று நாற்பது பேர் கையெழுத்துப் போட்டது, பன்னிரண்டு மணிக்குச் செகரட்டரி கையில் கொடுக்கப்போகிறார். செகரட்டரி பயந்த சுபாவம், நாற்பது கையெழுத்தைப் பார்த்தால் பேனாவை மூடிவிடுவார். நாற்பதில் என் கையெழுத்து இல்லை. கேட்டார். துணி வெட்டிக்கொண்டிருக்கிறேன், அப்புறம் போடுகிறேன் என்றேன். நான் அப்போது துணி வெட்டவில்லை, பாபினில் நூல் சுற்றிக்கொண்டிருந்தேன், அவருக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

போடாததற்குக் காரணம் பதினாறரை. பதினாறரையை நினைக்கக்கூடாது என்று காலையில் கடை திறக்கும்போதே முடிவு செய்துதான் வந்தேன். பங்குனி மாசம், நல்ல வெயில், மத்தியானம் தெருவில் ஈ காக்கை இல்லை, வெயிலுமுத்து வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்து "யக்கா, கதவ ஒருக்களிச்சி வையிங்க" என்றான். அவன் பிழைப்பு அந்த வண்டிதான், தண்ணீர் கேன் போடுகிற வண்டி, ஒவ்வொரு கேனும் இருபது லிட்டர், மாடி வீடுகளுக்குத் தோளில் ஏற்ற வேண்டும். பேண்ட்டைச் சுருட்டி வலது முட்டியைக் காட்டினான். வேக வைத்த கருணைக்கிழங்கு மாதிரி இருந்தது, பளபளவென்று. "டிராக் பேண்ட்டுக்கு உள்ளாற ஒரு எலாஸ்டிக் பட்டை வச்சித் தாரியளா? வெளிய தெரியக்கூடாது." டாக்டரிடம் காட்டினாயா என்றேன். காட்டியிருக்கிறான், மதுரையில், இங்கே காட்டினால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று பஸ் ஏறிப் போயிருக்கிறான். உள்ளே ஜவ்வு தேய்ந்துவிட்டதாம், ஓடக்கூடாதாம், பாரம் தூக்கக்கூடாதாம். ஓட வேண்டாம் யக்கா, கீப்பர் எங்கே ஓடுகிறான் என்று சிரித்தான். பாரம்? அதற்குச் சிரிக்கவில்லை. நான் டேப்பைச் சுற்றினேன். வலது பதினாறரை. இடது பதினாலரை. எழுதிக்கொண்டேன். அளவு எடுத்தால் எழுதாமல் இருக்க என் கைக்குத் தெரியாது, நோட்டில் அவன் பக்கத்தில், இடுப்புக்குக் கீழே, கால் உயரத்துக்குக் கீழே, வ.முட்டி, இ.முட்டி. "யார்ட்டயும் சொல்லிராதீய. கம்பெனியில கேட் டூட்டி தாராவ யக்கா. பெர்மனென்ட்டு. ஆவணி வந்தா எனக்கு முப்பத்தஞ்சு, அதுக்கப்புறம் ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல எடுக்கமாட்டாவ." கேட் டூட்டி என்றால் நாற்காலியில் உட்கார்ந்து செய்கிற வேலை. கம்பெனி டாக்டர் கண்ணைப் பார்த்தாராம், நெஞ்சைப் பார்த்தாராம், பேண்ட்டைச் சுருட்டச் சொல்லவில்லையாம். பட்டை வைத்துக் கொடுத்தேன், மூன்று இஞ்சு அகலம், இரண்டு மடிப்பு. போட்டுக்கொண்டு கடைக்குள்ளேயே இரண்டு தடவை உட்கார்ந்து எழுந்தான். இரண்டாம் தடவை எழும்போது என் மேசையைப் பிடித்துக்கொண்டான். நான் பார்க்காத மாதிரி நூலை அறுத்தேன்.

அப்படியானால் போகட்டும், அதில் எனக்கு என்ன வழக்கு. வழக்கு இல்லை. அவன் போனால் அவனுக்கு நல்லது, கிளப்புக்கும் நல்லது, எனக்கும்தான் நல்லது, ஏனென்றால் எங்கள் கிளப் ஒரு தடவையாவது கப் அடிக்க வேண்டும் எனக்கு, வெளியே சொல்வதில்லை, கேலரியில் நாலு பொம்பளைகளோடு பஸ் கண்டக்டர் பெண்டாட்டி நானும் சும்மா வந்து உட்காருகிறேன் என்றுதான் ஊரில் நினைப்பு. முதலில் தையல் தாங்குகிறதா என்று பார்க்கத்தான் போனேன். பெனால்டி ஸ்ட்ரோக், பந்து நேராக இவன் நெஞ்சுத் தையலில் வந்து அடித்தது, தையலும் தாங்கியது அவனும் தாங்கினான், அன்றைக்குப் பிடித்தது இந்த ஹாக்கிப் பைத்தியம். இப்போது கை தட்டி எழுந்து நிற்பதெல்லாம் உண்டு. அதனால் பேசாமல் இருந்தால் எல்லாருக்கும் லாபம், ஒரே ஒருவரைத் தவிர, தூத்துக்குடி டீம் மேனேஜர் பெர்னாண்டோ சார். இந்த வருஷமே கப் வேண்டும் என்று அனுபவசாலிக் கீப்பரைத் தேடி வருகிறார், நாம் ஒரு பழுதான காலைக் கொடுத்து இரண்டு ஆளை வாங்குகிறோம். துணி எடுத்து வருகிறவர்களிடம் சாயம் போகும் என்றால் போகும் என்று சொல்லித்தான் எனக்குப் பழக்கம். சாயம் போகும் என்று சொன்னால் வெயிலுமுத்து கேன் தூக்குவான். எத்தனை மாடி தூக்குவான். பதினாறரை பதினேழாகும். பதினேழு பதினேழரை ஆகும். அதற்கப்புறம் டேப்பில் என்ன இருக்கிறது. இதையேதான் விடிந்ததிலிருந்து சுற்றிக்கொண்டிருக்கிறேன், சிக்கெடுத்த நூல் மறுபடி அதே இடத்தில் சிக்கிக்கொள்கிறது. வெளியே ஆல்பர்ட் சார் டைரியை விரித்துவிட்டார். "கேளுங்க. போன வருஷம் நமக்கு எதிரா முப்பத்தோரு பெனால்டி கார்னர். பதினொண்ணு உள்ள போயிருக்கு. அந்தப் பதினொண்ணுல எட்டு ஒரே எடம். வலது பக்கம், கீழ. அவன் வலது பக்கம். எட்டு, அண்ணாச்சி. அது ஏன் வலது பக்கம் மட்டும்?" என் கால் மோட்டாரை மிதித்துவிட்டது. ஊசிக்குக் கீழே துணி இல்லை, வெறும் ஊசி ஓடியது, நூல் அடியில் போய்ப் பந்தாகச் சுருண்டது. "கண்ணு மங்குதோ என்னமோ" என்று ஆல்பர்ட் சாரே சொல்லிக்கொண்டார். கண் இல்லை சார். இன்னும் ஒரே ஒரு படி இறங்கினால் உங்களுக்குத் தெரிந்துவிடும், இறங்காதீர்கள். நான் சுருண்ட நூலைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன்.

பதினொன்றரைக்குக் கார் வந்து நின்றது. பெர்னாண்டோ சாரை எனக்குக் கேலரியிலிருந்துதான் தெரியும், நரைத்த மீசை, தொப்பி, விசில் மாதிரி சன்னமான குரல், தன் பையன்களைத் திட்டும்போதுகூட "தம்பி" என்று தொடங்குவார். அண்ணாச்சியும் வாத்தியாரும் எழுந்து பெஞ்சில் இடம் விட்டார்கள், அவர் உட்காராமல் உள்ளே வந்தார். "நீங்கதான டெய்லரம்மா? செகரட்டரி வீட்டுக்குப் போற வழி, அப்படியே உங்களப் பாத்துட்டுப் போயிரலாம்னு வந்தேன்." சட்டைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தார், வருகிற இரண்டு பையன்களின் அளவு, அவர்கள் ஊர் டெய்லர் எழுதியது, நல்ல கையெழுத்து. "இத வச்சு இவங்களுக்குத் தச்சிருங்க. வெயிலுமுத்து அளவ எனக்கு எழுதிக் குடுத்தீங்கன்னா எங்க டெய்லர்கிட்ட இன்னைக்கே போட்ருவேன். பாவம், அவரு தண்ணி வண்டிய விட்டுட்டு அளவு குடுக்கத் தூத்துக்குடி வரைக்கும் வர வேண்டாம் பாருங்க." அந்தப் பாவம் என்ற வார்த்தை என்னைக் குத்தியது. நல்ல மனுஷன். நல்ல மனுஷனாக இல்லாமல் இருந்திருந்தால் வேலை சுலபம். நோட்டை எடுத்து விரித்தேன், பக்கத்தில் வேறு ஒரு வெற்றுச் சீட்டை வைத்தேன், எழுதினேன். வாசலில் அண்ணாச்சி செருமினார். பையில் இருந்த தாள் மேல் கை வைத்துக்கொண்டு, "பதினோரு வருசம் சார், ஒரு மேட்சுக்கு வராம இருந்ததில்ல, அவனக் கூட்டிட்டுப் போறியளே" என்றார். பெர்னாண்டோ சார் திரும்பி, "உங்களுக்கு ரெண்டு பேரத் தாரேனே அண்ணாச்சி" என்றார். "ரெண்டு கொய்யாக்கா சேந்தா ஒரு மாங்கா ஆயிருமா?" என்றார் அண்ணாச்சி. ஆல்பர்ட் சார் சிரித்தார். நானும் காதை அங்கே வைத்துக்கொண்டு, மார்பு நாற்பது, தோள் பதினெட்டு, உயரம் இருபத்தொன்பது, கை, இடுப்பு முப்பத்துநாலு, கால் உயரம் நாற்பது, என்று எழுதிக்கொண்டே வந்து, பேனாவை மூடி, சீட்டை நீட்டி, அவர் வாங்கிக்கொண்ட பிறகுதான் பார்த்தேன். கடைசி இரண்டு வரியையும் எழுதியிருந்தேன். விடிந்ததிலிருந்து சொல்வதா வேண்டாமா என்று மண்டையை உடைத்துக்கொண்டது நான், எழுதிக் கொடுத்தது என் கை. முப்பது வருஷமாக ஒரு பக்கத்தைப் பார்த்து எழுதினால் கடைசி வரி வரை எழுதுகிற கை.

வாங்கி மடிக்கப் போனவர் மடிக்கவில்லை. மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டினார். "வ.முட்டி பதினாறர. இ.முட்டி பதினாலர." நிதானமாக, பரீட்சைத் தாள் வாசிக்கிற மாதிரி வாசித்தார். "ரெண்டு இஞ்சு வித்தியாசம் இருக்கேம்மா?" சீட்டைப் பிடுங்கிவிடலாமா என்றுகூடத் தோன்றியது, வெட்கங்கெட்ட நினைப்பு. தப்பாக எழுதிவிட்டேன் சார் என்று சொல்ல வேண்டும். பதினோரு வருஷத்தில் எனக்கு ஓர் அளவு தப்பியதில்லை, தப்பியது என்று சொல்ல வாய் வரவில்லை, பாருங்கள், அந்த நேரத்திலும் எனக்கு என் பேர்தான் பெரிதாக இருந்திருக்கிறது. ஆல்பர்ட் சாரைப் பார்த்தேன். அவர் டைரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டு, வலது பக்கம், கீழே. அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன், கணக்கு விடை வந்துவிட்டது. அவர் அண்ணாச்சியைப் பார்த்தார், அண்ணாச்சிக்கு டைரி தேவையில்லை, அவரும் கீப்பர். இனி அண்ணாச்சி ஒரு வார்த்தை சொன்னால் போதும். முட்டி போச்சு சார், வேண்டாம் விட்டுருங்க, அவ்வளவுதான், நாற்பது கையெழுத்தும் வேண்டாம், பெர்னாண்டோ சார் காரைத் திருப்பிவிடுவார், வெயிலுமுத்து கம்பெனி வேலை இல்லாமல் கிழக்குத்தெருவிலேயே கேன் தூக்கிக்கொண்டு கிடப்பான். காலையிலிருந்து அதற்குத்தானே அவர் தொண்டை வறளப் பேசினார். டைரியை மூடுகிற சத்தம் கேட்டது. "கீப்பர் சார்" என்றார் ஆல்பர்ட் சார், அவர் குரலே இல்லை, "அவன் எப்பவும் வலது கால ஊனித்தான பாய்வான். அந்த முட்டி கொஞ்சம் பருத்துத்தான் இருக்கும். எல்லாக் கீப்பருக்கும் அப்படித்தான்." எண்ணிக்கை இல்லாமல் ஒரு வாக்கியம் அவர் பேசி நான் கேட்டது இன்றைக்குத்தான். பெர்னாண்டோ சார் சீட்டை இன்னும் மடிக்கவில்லை. அப்புறம் அண்ணாச்சி படியேறி உள்ளே வந்தார், என் முன்னாலேயே வேட்டியை முட்டிக்கு மேல் தூக்கினார். "இங்க பாருங்க சார். நானும் கீப்பர்தான். எனக்கும் இப்படித்தான். இத வச்சிக்கிட்டுத்தான் பதினாறு வருசம் நின்னேன்." கிழட்டு முட்டி, வாதம் பிடித்து வீங்கியது, தைலம் மணத்தது. விளையாடுகிற காலத்தில் அது அப்படி இருந்திருக்காது என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

பெர்னாண்டோ சார் குனிந்து அந்த முட்டியைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்தார், சீட்டை மடித்தார், நாலாக. "இந்த முட்டிக்கு நீங்க என்ன செய்வீங்கம்மா?" என்று என்னைக் கேட்டார். "உள்ளே ஒரு எலாஸ்டிக் பட்டை வைப்பேன் சார். மூணு இஞ்சு. ரெண்டு மடிப்பு." அது பொய்யில்லை, இன்றைக்கு இந்தக் கடைக்குள் பேசப்பட்டதில் பொய்யில்லாதது அது ஒன்றுதான். "சரி. எங்க டெய்லர்கிட்டயும் வைக்கச் சொல்லிர்றேன்" என்றார். படியில் இறங்கியவர் நின்றார். "எல்லாக் கீப்பருக்கும் அப்படித்தான்னு வாத்தியார் சொல்லுதாரு. அப்ப உங்களுக்கு வார கீப்பர் பயலுக்கும் ஒண்ணு வச்சுத் தச்சிருங்க. முட்டி அளவு அந்தச் சீட்டுல இருக்காது. பதினாலுன்னு போட்டுக்கோங்க. பத்தொம்பது வயசுப் பய, ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கும்." கார் செகரட்டரி வீட்டுப் பக்கம் திரும்பியது. அவருக்குத் தெரிந்துவிட்டதா என்று நாங்கள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவில்லை. ஆல்பர்ட் சார் பெஞ்சில் உட்கார்ந்து டைரியைத் திறந்தார், ஒன்றும் எழுதாமல் மூடினார். ஒரு நல்ல மனுஷனை மூன்று பேர் சேர்ந்து ஏமாற்றினோம், இல்லை, அவர் ஏமாந்துகொடுத்தார், எதுவாக இருந்தாலும் அடுத்த வருஷம் கேலரியில் அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கும். அண்ணாச்சி மட்டும் இன்னும் உள்ளேயே நின்றார். வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு, "எத்தன நாளாத் தெரியும் ஒனக்கு?" என்றார். "பங்குனியிலேருந்து." "நல்லா இருப்பே" என்றார், திட்டினாரா வாழ்த்தினாரா தெரியவில்லை. நான் ஒன்றாம் நம்பர் சட்டையை எடுத்தேன். சீட்டில் அந்தப் பையனுக்கு மார்பு முப்பத்தாறு, தோள் பதினேழு, இரண்டு பக்கமும் பிரித்துப் பிடிக்க வேண்டும், இடது கையில் கூட விட்டிருந்த அரை இஞ்சையும் எடுத்துவிட வேண்டும். அது அப்புறம் ஆகட்டும் என்று முதலில் பட்டைக்கு அச்சு வெட்டப் பேப்பர் தேடினேன், கையில் கிடைக்கவில்லை. அண்ணாச்சி சட்டைப்பையிலிருந்து நாற்பது கையெழுத்துப் போட்ட அந்தத் தாளை எடுத்து மேசையில் வைத்தார். திருப்பிப் போட்டு, எழுத்தில்லாத பக்கத்தில் சாக்கால் கோடு கிழித்தேன். அந்தப் பையனுக்கு முட்டி இரண்டும் பதினாலு. பதினாலுக்கே வெட்டி, பின்னால் பிரித்துவிட வேண்டி வந்தால் இருக்கட்டும் என்று உள் ஓரத்தில் மட்டும் இரண்டு இஞ்சு கூட விட்டேன்.